பிறர் மேற்கோள்

செகெட் நகரில், திஸா ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி,
பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில்
எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.
யார் எழுதியதை யார் எடுத்துச் சொன்னார்கள்,
எத்தனை முறை.
என்ன சொன்னார்கள் என்பது என் வேலை அல்ல.

இந்த வாரம் சலோன்டாய் இல்டிகோ.
மருந்தியல் துறை, முப்பத்தோரு வருடம்,
தொண்ணூற்று நான்கு கட்டுரை.
பதவி உயர்வுக் குழு கேட்கும் தாள்
வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

முதலில் கழித்தல்.
தானே தன்னைச் சொன்னது, கழி.
கூட எழுதியவர் சொன்னது, கழி.
கணவர் வேறு துறை, ஆனாலும்
ஒரு கட்டுரையில் பெயர் சேர்ந்திருக்கிறது. அவரையும் கழி.
தொலைபேசியில் இதைச் சொன்னபோது
"நான் எப்போதோ கழித்துவிட்டேன்" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மிச்சத்தில் மலை போல் நிற்பது ஒன்று:
வெட்டியெடுத்த இதயத் தசையைத் துடிக்கவைக்கும்
உப்புக் கரைசலின் செய்முறை. ஒன்றரைப் பக்கம்.
ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு மேற்கோள்.
கட்டுரை தொடங்குவது 121ஆம் பக்கத்தில்.
ஒசாகாவில் யாரோ 211 என்று அடித்துவிட்டார்.
அதற்குப் பின் முந்நூற்று நாற்பது பேர் 211.
லீமாவில் 211, கிராக்கோவில் 211, அடிஸ் அபாபாவிலும்.
அந்தப் பக்கத்தில் இருப்பதோ
முயல் காதின் ரத்தக் குழாய் பற்றி
வேறு யாரோ எழுதியது.
புத்தகத்தைத் திறக்காமலே ஆமென் சொல்வது
தேவாலயத்தில் மட்டும் என்றிருந்தேன்.

பட்டியலின் அடியில் இன்னொன்று.
கே-417. துடிப்பைச் சீராக்கும் என்று
ஒரு கம்பெனி கொண்டுவந்த மாத்திரை.
நான்கு வருட வேலை. முடிவு ஒரே வரி:
சீராக்கவில்லை, சில இதயங்களை நிறுத்துகிறது.
கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனது.
மேற்கோள் இரண்டு. ஒன்று அவரே. கழி.
மற்றது பெர்கனில் ஒரு கால்நடை மருத்துவர்,
அதிலும் பெயரின் கடைசி எழுத்துப் பிழை.
ஐ வரவேண்டிய இடத்தில் ஒய்.
ஒய்யில் முடிந்தால் பிரபு வம்சம் என்பார்கள் எங்கள் நாட்டில்.
இவர் அப்பா ஆற்றில் மிதவை ஓட்டியவர்.
அப்படி ஒரு சீமாட்டி துறையில் இல்லை,
ஆகவே பூஜ்யம் என்கிறது கணினி.

ஒரு மதியம் முழுக்கச் செலவழித்து
ஒய்யும் ஐயும் ஒரே ஆள்தான் என்று சான்று சேர்த்து
ஒத்துக்கொள்ள வைத்தேன்.
பூஜ்யம் ஒன்றானது.
சுட்டெண் இருபத்து மூன்று,
அதாவது இருபத்து மூன்று கட்டுரைகள்
தலைக்கு இருபத்து மூன்று முறையாவது பேசப்பட்டிருக்கின்றன.
இந்த ஒன்றால் அது மயிரளவும் அசையவில்லை.

வியாழன் மாலை கையெழுத்துப் போட வந்தார்.
கோட்டில் பனி. சந்தைப் பையில்
புளித்த முட்டைக்கோஸ் வாடை.
மலையைப் பார்க்கவில்லை,
நேராகத் தாளின் அடிக்குப் போனார்.
"ஒன்றா? யாரது?"
சொன்னேன்.
"மாட்டு டாக்டரா!" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மாத்திரையை விழுங்காதவர்கள்
எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
விழுங்காதவன் எதற்கு எழுதப் போகிறான்,
இன்று காலை எழுந்தேன், ரொட்டி வாங்கினேன்,
காண்க: சலோன்டாய், கே-417 என்று?

அவர் கேட்டது வேறு.
"கினிப் பன்றிகள் எத்தனை என்று போட்டிருக்கிறாயா?"
அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
"கட்டுரையில் அறுபது என்று இருக்கும்.
அறுபத்து நான்கு.
மின்சாரம் போன ஒரு ராத்திரியில் நாலு.
முடிவு கிடைக்காததால் கணக்கில் வராது என்றார்கள்.
நானும் சரி என்றேன்."

கையெழுத்திட்டார். முட்டைக்கோஸை மறந்துவிட்டுப் போய்
படியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

காலையில் பார்த்தால் தாளின் பின்பக்கம்
பென்சிலில், சின்னதாக, 64.
ஸ்கேன் எந்திரம் முன்பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும்.
அப்படியே வைத்து அனுப்பினேன்.